கால்வாசி வாய்

உடுவில்,
15.2.1979

அன்பு மகள் கனகாம்பிகைக்கு,

அப்பு சொல்லப் பக்கத்து வீட்டுப் பத்மாவதி எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், மாடு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வேறு குறையில்லை. அங்கே திருகோணமலையில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனைக் கும்பிடுகிறேன்.

வெங்காயம் கிண்டி முடிந்தது. விளைச்சலில் வஞ்சகமில்லை, விலைதான் இல்லை. வெளிநாட்டு வெங்காயம் கப்பலில் வந்து இறங்குகிறதாம், இங்கே பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் எங்கள் வெங்காயத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு அப்பால் போகிறார்கள். பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலுக்குள் தூக்கி விட்டிருக்கிறேன். விலை ஏறினால் விற்கலாம், ஏறாவிட்டால் நானும் மாடும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

என் வாயைப் பற்றிக் கேட்டிருந்தாய். பல்லடிச் சதை, முரசு, வீங்கியபடிதான். விடிய எழும்பினால் தலையணையில் இரத்தம் பட்டிருக்கிறது. கீழ்ப்பல் இரண்டு நாக்குப் பட்டாலே ஆடுகிறது. மணமும் இருக்கிறது, அதை மறைப்பானேன். கோயிலில் இப்போது பின்னுக்குத்தான் நிற்கிறேன். யாரும் கிட்ட வந்து கதைத்தால் சால்வையை வாயில் பிடித்துக்கொள்கிறேன். உமிக்கரியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், இன்னும் கூடிவிட்டது. புகையிலைச் சப்பலை விட்டு ஒரு மாதம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் முரசுக்குக் காசில்லாமல் வைத்தியம் செய்வார்கள் என்று மருமகன் விசாரித்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். நான் போய்க் கேட்டேன். அங்கே பல்லைப் பிடுங்குகிறது மட்டும்தானாம். முரசுக்கு ஒன்றும் செய்யமாட்டார்களாம். பட்டினத்தில் தனியாராகப் பார்க்கிற பல் டொக்டரிடம் போனால் செய்யலாம், ஆனால் அவர் கேட்கிற காசுக்கு நான் தோட்டத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். சங்கக்கடை மனேச்சர் மார்க்கண்டு எல்லாப் பல்லையும் ஒரேயடியாகப் பிடுங்கச் சொல்கிறார். தான் அப்படித்தான் செய்தாராம். அவர் இப்போது பாண் துண்டைத் தேத்தண்ணீரில் ஊறப்போட்டு உறிஞ்சுகிறதை நீ பார்க்க வேண்டும். எனக்கு அறுபத்தொன்பது வயது. பல்லுப் போனால் போகட்டும். நீ கவலைப்படாதே, காசு ஒன்றும் அனுப்பாதே.

பிள்ளைகளைப் படிப்பில் கவனமாகப் பார்.

அப்பு
ஆழ்வாப்பிள்ளை


யாழ்ப்பாணம், கச்சேரி வாசல்,
8.3.1979

என் மகள் கனகாம்பிகை அறிவது,

எழுத்து வேறாக இருக்கிறதைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இது பத்மாவதியின் எழுத்தல்ல. அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு முன்னால் மரத்தடியில் மேசை போட்டு மனு, பெட்டிசம் எழுதுகிற பொன்னம்பலம் என்பவர் எழுதுகிறார். காணிப் பிணக்கோ, பென்சனோ என்று கேட்டார். மகளுக்குக் கடிதம் என்றேன். "மகளுக்கு எழுதக் கச்சேரிக்கு வந்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்று சிரித்தார். பிறகு பழக்கதோஷத்தில் 'மகாகனம் பொருந்திய' என்று தொடங்கிவிட்டு அந்தத் தாளைக் கிழித்தார். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் எழுதும், எழுதி வாசித்துக் காட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

பத்மாவதி நல்ல பிள்ளை. ஆனால் அவள் எழுதினால் தாய்க்குத் தெரியும். தாய்க்குத் தெரிந்தால் சங்கக்கடைக்குத் தெரியும். இது ஊருக்குத் தெரியக் கூடாத கதை. அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அம்மாவின் காப்பை அடைவு வைத்துக் காசு அனுப்புகிறேன், தனியார் டொக்டரிடமே போய் முரசைக் குணமாக்குங்கோ, பல்லைப் பிடுங்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பத்மாவதி அதை வாசித்தபோது, வடிவான மகள் அப்பு என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு எங்கே பார்க்கிறதென்று தெரியவில்லை.

காப்பை அடைவு வைக்காதே. வைத்துவிட்டாய் என்றால் அந்தக் காசை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து இன்றைக்கே மீட்டுக்கொள். போன கடிதத்தில் நான் எழுதுவித்தது பொய். அரசாங்க ஆஸ்பத்திரியில் முரசுக்கு வைத்தியம் இருக்கிறது. காசில்லாமல் செய்கிறார்கள். எனக்கே செய்தார்கள்.

முதல் தரம் போனது தை மாதக் கடைசிச் செவ்வாய். பல்லுக்கென்று ஒரு புது டொக்டர் வந்திருந்தார், பெயர் கிறிஸ்துநாயகம். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பெயரைக் கேட்டுப் பட்டினத்து வேதக்காரர் யாரோ என்று நினைத்தேன். வாயைத் திறக்க எனக்கு எவ்வளவு வெட்கம் தெரியுமோ? அந்த மணத்துக்கு நான் முகத்தைத் திருப்பினேன், அவர் திருப்பவில்லை. வடிவாகப் பார்த்தார். "பல்லிலை பிழையில்லை ஐயா, பல்லடியிலை கல்லுப் பிடிச்சு முரசுதான் பழுதாப் போச்சு. கல்லைச் சுரண்டி எடுத்தால் அரைவாசிப் பல்லாவது நிக்கும்" என்றார். வாயை நாலாகப் பிரித்து நாலு செவ்வாய்க்கிழமை செய்ய வேணுமாம். ஒரு செவ்வாய்க்குக் கால்வாசி வாய். செலவு பஸ்காசும், வீட்டில் கொப்பளிக்க உப்பும்தான்.

அன்றைக்குப் பார்த்து முடிய நேர்ஸ் மிஸி ஒரு கிளாசில் தண்ணீர் தந்து கொப்பளிக்கச் சொன்னா. என் வாயெல்லாம் இரத்தமும் சீழும். மற்றவர்கள் வாய் வைக்கிற கிளாசில் இந்த வாயை எப்படி வைக்கிறது? கொப்பளிக்காமல், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சால்வையால் துடைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த செவ்வாய் போகும்போது வீட்டிலிருந்து மூக்குப்பேணியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அதென்றால் அண்ணாந்து பேணியின் மூக்கால் வாய்க்குள் ஊற்றலாம், உதடு எதிலும் படாது. இதில் என்ன பிழை என்றுதான் நான் நினைத்தேன்.

ஊசி போட்டு, வலது பக்கக் கீழ்வாயைச் சுரண்டத் தொடங்கினார். நோகவில்லை. நடுவில் கொப்பளிக்கச் சொன்னார். நான் பையிலிருந்து பேணியை எடுத்தேன். மிஸி பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "ஏன் ஐயா, எங்கடை கிளாசிலை கொப்பளிச்சால் உங்கடை சாதி கரைஞ்சு போமோ?" என்று கேட்டா. பக்கத்து வாங்கில் முறைக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். என் வாய் விறைத்துப் போயிருந்தது. விறைக்காவிட்டாலும், என் வாய் நாறுகிறது பிள்ளை, அதற்காகத்தான் என்று அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்?

டொக்டர் மிஸியைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பேணியைத் தானே வாங்கித் தண்ணீர் நிரப்பினார். நிரப்பும்போது திருப்பிப் பார்த்தார். அதில் எழுத்து வெட்டியிருக்கிறது உனக்குத் தெரியும். நீ பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு உன் மாமன் பெயர் வெட்டிக் கொடுத்த பேணி. எனக்கு எழுத்துத் தெரியாதபடியால் நான் அதை ஒரு கோலம் போலத்தான் பார்த்திருக்கிறேன். அவர் வாசித்தார். "கனகாம்பிகை. ஆர் ஐயா இது?" என்றார். என்ரை மகள் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். உடுவில் என்றேன். பேணியைத் திருப்பி எழுத்தை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, "உங்கடை பக்கத்திலை ஏரம்பு எண்டு ஆரையும் தெரியுமோ?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமோ? விறைத்த வாயால், பெரிய காணிக்காரக் கமக்காறன் போல, "தெரியாமல் என்ன, ஏரம்பு எண்டொருத்தன் எங்கடை தோட்டத்திலை தண்ணி இறைக்கத் துலா மிதிச்சவன். வேலைகாரன்தான், பிழை சொல்லக் கூடாது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பளைப் பக்கம் போட்டான்" என்றேன்.

"ஓம், பளைக்குத்தான் போனவர். அவர்தான் என்ரை அப்பு" என்றார் டொக்டர்.

பிள்ளை, அந்தக் கதிரையில் இருந்து எழும்பி ஓட முடியாது. காலை நீட்டிப் படுக்கிற மாதிரிக் கதிரை. மேலே வெளிச்சம். வாயைத் திறந்தபடி கிடந்தேன்.

அவர் சுரண்டிக்கொண்டே கதைத்தார். கோபமில்லாத குரல். அப்பு இரண்டு வருஷத்துக்கு முதல் காலமானாராம். பளையில் தென்னந்தோட்டத்தில் வேலை செய்து, வேதத்தில் சேர்ந்து, பிள்ளையைப் பாதிரியாரின் பள்ளிக்கூடத்தில் விட்டுப் படிப்பித்தாராம். ஏரம்பு வீட்டில் அடிக்கடி ஒரு கதை சொல்லுவாராம். "சித்திரை வெயில், புகையிலை வெட்டின நாள், நாக்கு வறண்டு போச்சு. ஒரு குஞ்சுப் பிள்ளை பித்தளைப் பேணி நிறையத் தண்ணியோடை ஓடி வந்து, ஏரம்பண்ணை குடியுங்கோ எண்டது. கனகாம்பிகை எண்டு பேர். அப்பிடி ஒரு தண்ணி நான் பிறகு குடிக்கேல்லை." அதோடு நிறுத்திவிடுவாராம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்டால், "தண்ணி குடிச்சன், நல்ல தண்ணி" என்று மட்டும் சொல்வாராம்.

"அந்த அக்கா இப்ப எங்கை ஐயா, சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டார். திருகோணமலை, மூன்று பிள்ளைகள் என்று சொன்னேன். சந்தோசம் என்றார். பிறகு பேணியின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "இது ஏன் இப்பிடி நெளிஞ்சு கிடக்கு?" என்றார்.

விழுந்தது என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சரி ஐயா, ஆவெண்டுங்கோ" என்று சொல்லி மிச்சத்தையும் பொறுமையாகச் செய்து முடித்தார். அடுத்த செவ்வாய் கட்டாயம் வர வேணும், மற்றப் பக்கத்தை விட்டால் அந்தப் பல்லெல்லாம் போய்விடும் என்றார். நான் போகவில்லை. நாலு செவ்வாய் போய்விட்டது. உனக்குப் பொய் எழுதுவித்தேன். நீ காப்பைக் கழற்றினாய்.

அவர் ஆரின் பிள்ளை என்று முதலே தெரிந்திருந்தால் அவரிடம் வாயைக் காட்டியிருப்பேனோ என்று நீ கேட்பாய். காட்டியிருக்க மாட்டேன். அதையும் எழுதும் என்று பொன்னம்பலத்துக்குச் சொல்கிறேன்.

இனி அந்த நாளைப் பற்றி. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஒன்றும் மறக்காது. விரோதி வருஷம், சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள். உனக்கு ஏழு வயது. விடியத் தொடங்கித் துலாவில் ஏறி இறங்கி மிதித்தது ஏரம்பு. வாளியைப் பிடித்து ஊற்றினது நான். வாளியைத் தொட அவரை விடுகிறதில்லை. அவர் மிதித்து வந்த தண்ணீரை அவர் அள்ளிக் குடிக்க முடியாது. நான் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்ற வேண்டும், அல்லது அவர் கையை ஏந்த வேண்டும். அன்றைக்கு நான் புகையிலை பதப்படுத்துகிற புகைக்குடிலுக்குள் நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றேன். வெளியே வந்து பார்க்கிறேன், நீ பேணியை நீட்டுகிறாய், அவர் குடிக்கிறார். அவர் பேணியில் வாய் வைக்கவில்லை, பிள்ளை. அண்ணாந்துதான் குடித்தார். அதை நான் என் கண்ணால் கண்டேன். கண்டும்தான் உன் வாயில் புறங்கையால் அடித்தேன்.

இதை எழுதவோ என்று பொன்னம்பலம் கேட்கிறார். எழுதும் என்றேன்.

உன் மேல்முரசு கிழிந்து பல்லு முறிந்து கையில் வந்தது. நீ அழவில்லை. ஏரம்புதான் கத்தினார். "கமக்காறன், பிள்ளையை அடியாதேங்கோ, என்னை அடியுங்கோ" என்று என் காலடியில் வந்து நின்றார். நான் பேணியைப் பறித்துப் புகைக்குடில் நெருப்புக்குள் எறிந்தேன், தீட்டுப் போகட்டும் என்று. அந்தச் சூட்டில், ஒட்டியிருந்த ஈயம் உருகித்தான் மூக்கு நெளிந்தது. பின்னேரம் தடியால் கிண்டி எடுத்துப் புளி போட்டு மினுக்கி மறுபடி வீட்டில் வைத்துக்கொண்டேன். பித்தளை விலை எனக்குத் தெரியும்.

கிணற்றுக்கட்டில் விழுந்தாய் என்று உன் அம்மா குணலட்சுமிக்குச் சொன்னேன். அவள் சாகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தாள். நீயும் சொல்லவில்லை. ஏரம்பு அடுத்த கிழமை ஊரை விட்டுப் போனார். அவரும் சொல்லவில்லை, பெற்ற பிள்ளைக்குக்கூட. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். நான் போய், சொல்லாமல் கொள்ளாமல் போட்டான் என்று அவர் மகனுக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இடத்தில் உனக்குப் பிறகு முளைத்த பல்லுக் கறுத்து, சரிந்து வந்தது. உன் கலியாணப் படம் இறாக்கைத் தட்டில் இருக்கிறது. மருமகன் சிரிக்கிறார். நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாய். பார்க்க வருகிறவர்கள், பொம்பிளைக்கு என்ன அடக்கம் என்பார்கள். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

இப்போது என் வாயில் அவர் சுரண்டின வலது பக்கக் கீழ் முரசு ஆறிவிட்டது. அந்தப் பக்கத்தால் வறுத்த கடலைகூடக் கடிக்கலாம். அங்கே இரத்தமில்லை, மணமில்லை. மிச்ச முக்கால்வாசியும் பழுதாகிக்கொண்டு போகிறது. சாப்பிடக் குந்தினால் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் நாக்கு அந்தக் கால்வாசிக்குத்தான் தானாகப் போகிறது. ஏரம்புவின் மகன் செய்து தந்த கால்வாசி. இதை வைத்துக்கொண்டு இன்னொரு டொக்டரிடம் உன் காப்பைக் கொடுத்து மிச்சத்தைச் செய்விக்கிறதென்றால், அது பழையபடி பேணியை நெருப்பில் போடுகிறது போலத்தான். பல்லெல்லாம் பிடுங்கிவிட்டால் ஒருவரிடமும் போகத் தேவையில்லை என்றும் யோசித்தேன். அதுவும் ஓட்டம்தான்.

ஆகையால் முடிவு இது. வருகிற செவ்வாய் போகிறேன். பேணியைக் கொண்டு போகமாட்டேன். மிஸி தருகிற கிளாசில் வாய் வைத்துக் கொப்பளிப்பேன். என் வாயை அவர்கள் கழுவுவார்கள் என்றால் கிளாசையும் கழுவுவார்கள்தானே. எனக்கு அது கூச்சம், ஆனாலும் செய்வேன்.

ஆனால் பேணி எப்படி நெளிந்தது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு உன் சம்மதம் வேண்டும். அடி வாங்கினது உன் வாய். அந்தக் கதை முப்பது வருஷம் உன்னிடம் இருந்தது, அதை நான் கொண்டுபோய் என் பாரம் இறக்கிவைக்கிறதென்றால் நீ விட வேண்டும். செவ்வாய்க்கு முதல் உன் பதில் வராது, எனக்குத் தெரியும். அன்றைக்கு வாயை மட்டும் காட்டுவேன். அதற்குப் பிறகும் இரண்டு செவ்வாய் இருக்கிறது. சொல்லுங்கோ என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி எழுது. பத்மாவதி வாசிக்கிறபடியால் வேறு ஒன்றும் எழுதாதே. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உன்னிடம் நான் கேட்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. அதற்கு ஒரு சொல்லு எனக்கு வருகுதில்லை, பொன்னம்பலத்துக்கும் எழுதத் தெரியவில்லை.

கைநாட்டு இடது பெருவிரலில்தான் வைக்கிற வழக்கமாம், கடிதத்துக்கு அது தேவையுமில்லையாம். நான் வலது கையில் வைக்கிறேன். அந்தக் கைதான்.

அம்மாவின் காப்பு உன் கையிலேயே கிடக்கட்டும். முருகன் உன்னையும் பிள்ளைகளையும் காக்க. எப்போதாவது குடும்பமாக நின்று படம் எடுப்பீர்கள் என்றால் எனக்கும் ஒன்று அனுப்பு. அதில் நீ வாயை மூட வேண்டாம், பிள்ளை.

அப்பு
ஆழ்வாப்பிள்ளை
(வலது பெருவிரல் கைநாட்டு)